நான்காவது கியர்

லைல் பென்ரோஸ் வீட்டுக்குள் பேசுகிற மனிதர் இல்லை. சாப்பாட்டு மேசையில் மிளகுக் குப்பியை நகர்த்தச் சொல்வார், நாளைக்குப் பனி பெய்யும் என்பார், அத்தோடு சரி. பேச வேண்டியதையெல்லாம் அவர் தன்னுடைய 1970-ஆம் வருடத்து பியூக் காரில், நெடுஞ்சாலையில், கை ஸ்டீயரிங்கில் இருக்கும்போதுதான் பேசினார். அதில் ஒரு வார்த்தைகூட அவர் மனைவி நோரீனுக்குக் கேட்டதில்லை.

காரணம் அந்த வண்டியின் கியர்பாக்ஸ். தானாக மாறுகிற கியர்தான், ஆனால் மூன்றோடு முடிந்துவிடும். போதாததற்கு, சிக்னலில் பச்சை விழுந்ததும் முதுகு இருக்கையில் போய் அறைய வேண்டும் என்பதற்காக இளம் வயதிலேயே பின்சக்கர அச்சின் பல்சக்கரத்தை மாற்றி வைத்திருந்தார். அறுபத்தைந்து மைல் வேகத்தில் எஞ்சின் மூன்றாயிரம் சுற்றில் அலறும். ஏ.சி. கிடையாது, அதனால் கண்ணாடிகள் எப்போதும் இறங்கியிருக்கும். ஒவ்வொரு கோடையிலும் மிச்சிகனில் உள்ள சாகினா ஊரிலிருந்து வடக்கே ஹூரான் ஏரிக்கரைக்கு அவர்கள் அப்படித்தான் போனார்கள். வழியெல்லாம் லைலின் உதடுகள் அசைந்துகொண்டிருக்கும். நோரீன் தலையாட்டுவாள். முதல் சில கோடைகளில் என்ன என்று கத்திக் கேட்டுப் பார்த்தாள்; அவர் மறுபடி சொல்வார், அதுவும் கேட்காது. பிறகு கேட்பதை விட்டுவிட்டாள். ஏரிக்கரையில் வண்டியை நிறுத்தியதும் லைலின் முகத்தில், யாரிடமோ மனதைக் கொட்டிவிட்டு வந்தவரின் தெளிவு இருக்கும். அதைக் கலைக்க அவளுக்கு மனம் வரவில்லை.

அவர்களுக்கு அறுபத்தெட்டு வயதாகியிருந்த ஒரு இலையுதிர் காலத்தில் லைலின் நாக்கு குழறத் தொடங்கியது. தொலைபேசியில் கேட்ட சினேகிதர்கள் காலையிலேயே குடிக்க ஆரம்பித்துவிட்டாரா என்று கிண்டல் செய்தார்கள். கிறிஸ்துமஸுக்கு முன்பு நரம்பு மருத்துவர் நோயின் பெயரைச் சொன்னார். ஏ.எல்.எஸ். நோயில் தொண்டையில் தொடங்குகிற வகை. முதலில் பேச்சு போகும், பிறகு விழுங்குவது, பிறகு கைகள், கடைசியில் மூச்சு. இன்னொன்றும் சொன்னார்: சிரிப்பும் அழுகையும் சம்பந்தமில்லாமல் தாமாக வரும், அவற்றுக்கு அர்த்தம் தேட வேண்டாம்.

பேச்சுப் பயிற்சி தருகிற பெண், குரல் இருக்கும்போதே அதைக் கணினியில் பதிந்துவைக்கச் சொன்னாள். லைல் உட்கார்ந்து "விளக்கை அணைத்துவிடு", "எனக்குக் குளிர்கிறது" என்று கொஞ்சம் வாசித்துவிட்டு எழுந்து போய்விட்டார். அன்று பிற்பகல் சமையலறையில் நோரீன் அவரிடம் உண்மையைச் சொன்னாள்.

"அந்த ரோட்டுல அத்தனை வருஷம் என்னதான் பேசின? எனக்கு ஒரு வார்த்தைகூடக் கேட்டதில்ல, லைல்."

லைல் கையிலிருந்த கோப்பையை வைத்தார். "தலையாட்டுனியே."

"ஆட்டுனேன்."

"எல்லாத்துக்குமா?"

"எல்லாத்துக்கும்தான்."

அவர் சிரித்தார். அப்போது சிரிப்பு இன்னும் அவருடையதாகத்தான் இருந்தது. சிரிப்பு பாதியில் நின்றது. "ஓமர் பாலத்துக்கிட்ட ஒரு தடவ உன்கிட்ட ஒண்ணு கேட்டேனே. அதுக்குமா சும்மா ஆட்டுன?"

"என்ன கேட்ட?"

லைல் அவளைப் பார்த்தார். அவர் கண்ணில் கோபம் இல்லை. தான் நின்றுகொண்டிருந்த பலகை ஆடுவதை உணர்ந்தவரின் பார்வை அது. "இங்க வராது," என்றார். "ரோட்ல சொல்றேன். அதே எடத்துல."

ஆனால் அதே வண்டியில் போனால் அதே அலறல். நல்ல குரலே கேட்காத இடத்தில் இந்தக் குரல் என்ன ஆகும்? நோரீன் வேறு வண்டியில் போகலாம் என்று சொல்லிப் பார்த்தாள். அவளுடைய சிறிய காரில் அவர் இருபது வருடமாக வாயைத் திறந்ததில்லை என்பது அவளுக்கே தெரியும். அவள் நேராக டூவேன் டாக்கெட்டின் கொட்டகைக்குப் போனாள்.

டூவேன் லைலோடு வார்ப்பட ஆலையில் ஒரே ஷிஃப்டில் வேலை பார்த்தவர். வீட்டுக்குப் பின்னால் தகரக் கொட்டகை, அதில் காரைத் தூக்கி நிறுத்துகிற ஒரு லிஃப்ட். வியாழக்கிழமை சாயங்காலம் அந்தப் பக்கத்துப் பழைய கார்க்காரர்கள் நாலைந்து பேர் அங்கே கூடுவது வழக்கம். டூவேன் ஷெவர்லே கார்களின் ஆள். லைலின் பியூக்கைக் காசுக்காரர்களின் கார் என்று கேலியாகப் 'பல் டாக்டர் வண்டி' என்றுதான் சொல்வார். சத்தத்தைக் குறைக்க வழியுண்டா என்று நோரீன் கேட்டதும் அவருக்கு வேடிக்கையாகிவிட்டது.

"ஏம்மா, சத்தம் வேண்டாம்னா அத எதுக்கு வச்சிருக்கீங்க? வித்துட்டு ஒரு கட்டில் வாங்கிப் போடுங்க."

நோரீன் எதற்காக என்று சொன்னாள். டூவேன் தொப்பியைக் கழற்றினார். பிறகு, நாலாவது கியர் உள்ள ஆட்டோமேட்டிக் கியர்ப்பெட்டி ஒன்று போட்டால் நெடுஞ்சாலையில் எஞ்சின் மூன்றாயிரத்திலிருந்து இரண்டாயிரத்துக்கு இறங்கிவிடும், ஓவர்டிரைவ் என்பது அதுதான், கண்ணாடியை ஏற்றிக்கொண்டால் பக்கத்தில் இருப்பவர் கிசுகிசுத்தால்கூடக் கேட்கும் என்றார். எண்பதுகளில் வந்த ஒரு பெரிய குடும்பக் காரின் பெட்டி இந்த எஞ்சினில் அப்படியே போய் உட்காரும்.

பெட்டி ஒரு பழைய வண்டிக் கிடங்கில் கிடைத்தது. ஜனவரி முழுக்க டூவேன் அதை மேசைமேல் பிரித்துப் போட்டுப் புது கிளட்ச் தட்டுகள் போட்டுக் கட்டினார். லைல் பக்கத்தில் முக்காலியில் உட்கார்ந்து ஒவ்வொரு வளையத்தையும் கையில் வாங்கிப் பார்த்துக் கொடுத்தார். மற்றவர்கள் கொண்டுவந்த மான்கறிக் குழம்பையும் சாண்ட்விச்சையும் அவர் கண்ணில் படாமல் கொட்டகைக்கு வெளியே பனியில் நின்று சாப்பிட்டார்கள். லைலால் அப்போதே கெட்டியாக்கிய பானத்தை மட்டும்தான் விழுங்க முடிந்தது. யாரும் அப்படிச் செய்யலாம் என்று பேசிவைத்துக்கொள்ளவில்லை. ஒரு வியாழக்கிழமை எல்லாரும் வெளியே போனார்கள், அதன்பிறகு அதுவே வழக்கமாகிவிட்டது.

அவர் பேசினால் எல்லாரும் தலையாட்டினார்கள். திரும்பக் கேட்டால் அவர் முகம் சிவந்துவிடும் என்பதால் யாரும் திரும்பக் கேட்கவில்லை. நோரீன் தூரத்திலிருந்து இதைப் பார்த்தாள். அந்தத் தலையாட்டல் அவளுக்கு நன்றாகத் தெரிந்த தலையாட்டல்.

பிப்ரவரியில் வண்டியை லிஃப்டில் ஏற்றினார்கள். பழைய பெட்டி இறங்கியது. புதியதும் அதே நீளம்தான், அதனால் பின்னச்சுக்குப் போகிற தண்டை வெட்ட வேண்டியிருக்கவில்லை. பெட்டியைத் தாங்குகிற குறுக்குச் சட்டத்தை மட்டும் சற்றுப் பின்னால் தள்ளி முடுக்க வேண்டும். அதற்கான துளைகள் சட்டகத்தில் முன்பே இருந்தன. லைல் வண்டிக்கு அடியில் போய் அந்தத் துளைகளில் விரலை விட்டுப் பார்த்து, ஐம்பது வருடமாக அவை இதற்காகவே காத்திருந்த மாதிரி சந்தோஷப்பட்டார். வேகம் காட்டும் கண்ணாடிக்குள் கியர் எழுத்துகள் மூன்று கியருக்கு மட்டும்தான் இருந்தன. முள் நாலாவதில் எங்கே நிற்குமோ அங்கே மெல்லிய தூரிகையால் ஒரு வெள்ளைப் புள்ளி வைத்தார்.

கடைசியில் கேபிள். கார்புரேட்டரிலிருந்து பெட்டிக்குப் போகிற ஒரு கம்பி. பழைய பெட்டியிலும் அப்படி ஒன்று உண்டு. முந்திப் போவதற்காக ஆக்ஸிலரேட்டரைத் தரைவரை அழுத்தினால் ஒரு கியர் இறக்கிக் கொடுப்பது மட்டும்தான் அதன் வேலை. அது தளர்ந்தாலும் அறுந்தே போனாலும் வண்டி ஓடும். புதிய பெட்டியின் கேபிள் அப்படியல்ல. கால் எவ்வளவு அழுத்துகிறதோ அதற்குத் தகுந்தபடி உள்ளே எண்ணெயின் அழுத்தத்தை ஏற்றுவது அதுதான். அழுத்தம் குறைந்தால் தட்டுகள் இறுகப் பிடிக்காது. வழுக்கும், வழுக்கினால் எரியும். லைல் அதைத் தானே இழுத்துப் பொருத்தினார். பிறகு டூவேனைப் பக்கத்தில் கூப்பிட்டு இதையெல்லாம் விளக்கினார். நீளமாக, நிறுத்தி நிறுத்தி, உருக்குலைந்த சொற்களில். டூவேன் மரியாதையாகக் கேட்டுத் தலையாட்டினார்.

வேலை மார்ச் நடுவில் முடிந்தது. வண்டி போகத் தயார், ஆனால் சாலை தயாராக இல்லை. மிச்சிகனில் குளிர்காலம் முழுக்க நெடுஞ்சாலைகளில் உப்பு கொட்டுவார்கள். பனி போன பிறகும் அது வெள்ளையாகப் படிந்திருக்கும். பழைய காரின் அடித்தகட்டை அது தின்றுவிடும். இரண்டு நல்ல மழை பெய்து சாலை கழுவப்படும்வரை அந்தப் பக்கத்தில் எவரும் இப்படிப்பட்ட வண்டியை வெளியே எடுப்பதில்லை. எடுத்தவனைப் பற்றி வியாழக்கிழமைகளில் பல வருடம் பேசுவார்கள்.

நோரீன் சண்டை போட்டாள். வாரத்துக்கு வாரம் குரல் தேய்வதை அவள்தான் கேட்டுக்கொண்டிருந்தாள். 'ப'வும் 'ம'வும் ஏற்கெனவே ஒன்றாகியிருந்தன. "துரு வந்தா வரட்டும், லைல். யாருக்காக அத வச்சுக் காப்பாத்துற?"

"உப்புல எடுக்க மாட்டேன்," என்றார் லைல். இதை மட்டும் தெளிவாகச் சொன்னார்.

அந்த வருடம் மழை தாமதமாக வந்தது. ஏப்ரலில் வந்ததெல்லாம் மறுபடி பனி, மறுபடி உப்பு. மே மாதம் தொடங்கிய பிறகுதான் இரவும் பகலும் விடாமல் பெய்தது. மழை விட்ட காலையில் டூவேன் சாலையில் குனிந்து தாரை விரலால் தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்துவிட்டுக் கட்டைவிரலை உயர்த்தினார்.

ஒத்திகைக்காக லைலும் நோரீனும் தெருவை ஒரு சுற்று சுற்றிவந்தார்கள். பெட்டி சரியாக வேலை செய்தது. கியர் ஒவ்வொன்றும் ஒரு சின்ன உதையோடு மாறியது. அந்த உதையில் லைலின் தலை பின்னால் போய் முன்னால் விழுந்தது. முதல் கியரிலிருந்து இரண்டாவதுக்கு ஒரு முறை, மூன்றாவதுக்கு இன்னொரு முறை. கழுத்து தளர்ந்துபோயிருப்பதை நோரீன் அன்றுதான் முழுதாகப் பார்த்தாள். கழுத்துப் பட்டை போடச் சொன்னால் அவர் கேட்கமாட்டார். வீட்டுக்கு வந்ததும் லைல் களைத்துப்போய்த் தூங்கிவிட்டார். அவள் டூவேனிடம் போனாள்.

"அது மாறும்போது அவன் தல பொம்ம மாதிரி ஆடுது, டூவேன். கொஞ்சம் மெதுவா மாறாதா?"

டூவேன் யோசித்தார். "கேபிளக் கொஞ்சம் தளர்த்தினா மெதுவாத்தான் மாறும். லைல ஒரு வார்த்த கேட்டுடலாம்."

"வேண்டாம். கழுத்துக்காகன்னு தெரிஞ்சா அவன் வண்டியிலயே ஏறமாட்டான். உனக்குத் தெரியாதா அவன?"

தெரியும் என்றார் டூவேன். பானெட்டைத் திறந்து கேபிளின் பூட்டை அழுத்தி இரண்டு பல் உள்ளே தள்ளினார். பழைய பெட்டிகளில் அவர் வாழ்நாள் முழுக்கச் செய்த வேலைதான். நோரீனை உட்காரவைத்துத் தானே ஒரு சுற்று ஓட்டிக் காட்டினார். கியர் மாறியதே தெரியவில்லை. "வெண்ணெயில கத்தி எறங்கற மாதிரி," என்றார். அந்த வருடத்தில் அவர் முகத்தில் அவள் பெருமையைப் பார்த்தது அன்று ஒருநாள்தான்.

ஞாயிற்றுக்கிழமை காலை கிளம்பினார்கள். லைல் இஸ்திரி போட்ட சட்டை அணிந்திருந்தார். நோரீன் துடைக்கும் துணிகளை மடித்துக் கைப்பைக்குள், அவர் பார்வை படாத இடத்தில் வைத்துக்கொண்டாள். எச்சில் அவருக்குத் தெரியாமலே வழியும். வண்டி நெடுஞ்சாலைச் சரிவில் ஏறியது. முதல் கியர், இரண்டாவது, மூன்றாவது. லைல் நெற்றியைச் சுருக்கினார். அவளைத் திரும்பிப் பார்த்தார். அவள் நன்றாக இருக்கிறது என்பதுபோலச் சிரித்தாள்.

பே சிட்டியைத் தாண்டியதும் லைல் கியர்க் கம்பியை நகர்த்த, முள் வெள்ளைப் புள்ளியில் போய் நின்று நாலாவது கியர் விழுந்தது. எஞ்சின் சத்தம் ஒரு பெரிய கூட்டம் அறையைவிட்டு வெளியேறுவதுபோல இறங்கியது. நோரீன் கண்ணாடியை ஏற்றினாள். சாலையின் கான்கிரீட் இணைப்புகளில் டயர் தட்டுவது கேட்டது. அவள் சட்டைக் கை இருக்கையில் உரசுவது கேட்டது. டாஷ்போர்டுக் கடிகாரம் ஓடுகிற சத்தம் கேட்டது. லைல் அதை இத்தனை வருடம் பழுதுபார்த்து ஓடவைத்திருந்ததையே அவள் அன்றைக்குத்தான் அறிந்தாள்.

"நோரீன்," என்றார் லைல்.

அந்த வண்டியில் அவர் வாயிலிருந்து அவள் கேட்ட முதல் சொல் அது. பாதி மூக்கில் போன, ஓரங்கள் கரைந்த சொல், ஆனாலும் அவளுடைய பெயர்.

"கேக்குது. சொல்லு."

"பாலம்," என்றார். "வரட்டும்."

ஓமர் பாலம் இன்னும் முக்கால் மணி நேரத் தூரத்தில் இருந்தது. இங்கேயே சொல்லிவிடு என்று அவள் நாக்கு நுனிவரை வந்தது. அவர் குரலைச் சேர்த்துவைத்துக்கொள்கிறார் என்று தோன்றியதால் சும்மா இருந்தாள். அவர் விரல்கள் ஸ்டீயரிங்கில் தாளம் போட்டன. அவர் சந்தோஷமாக இருந்தார். நோரீன் பிற்பாடு பலரிடம் சொன்னது இதைத்தான்: அந்த இருபது நிமிடம் அவன் சந்தோஷமாக இருந்தான்.

பாலாடைக்கட்டிக் கடைகளின் விளம்பரப் பலகைகள் வரத் தொடங்கிய இடத்தில், பின்கானிங்குக்குச் சற்று முன்னால், ஒரு மேம்பாலத்தின் ஏற்றத்தில் எஞ்சின் சத்தம் உயர்ந்தது. வண்டியின் வேகம் உயரவில்லை. லைல் காலை எடுத்தார், மறுபடி மெல்ல அழுத்தினார். எஞ்சின் தனியாகக் கத்தியது, வண்டி தனியாகத் தளர்ந்தது. காகிதம் கருகுகிற மாதிரி ஒரு வாடை உள்ளே வந்தது. லைல் முள்ளைப் பார்த்தார், சாலையைப் பார்த்தார், பிறகு எதையும் பார்க்காமல் கொஞ்ச தூரம் காதால் கேட்டுக்கொண்டே ஓட்டினார். ஓரமாக நிறுத்தி எஞ்சினை அணைத்தார்.

"கேபிள்," என்றார். மூச்சு வாங்கியது. "யாரு தொட்டது?"

மூன்றே சொற்கள். அவற்றை ஒவ்வொன்றாகத் தூக்கி வெளியே வைக்க அவர் பட்ட பாட்டை அவள் பார்த்தாள்.

"நான்தான் டூவேன்கிட்ட சொன்னேன். உன் கழுத்துக்காக, லைல். மெதுவா மாறட்டும்னு."

லைலின் தோள்கள் குலுங்கின. அவர் சிரித்தார். சிரிப்பு நிற்கவில்லை, வாய் கோணி, மூச்சு அடைத்து, கண்ணில் நீர் வழிந்தது, பிறகு அது அழுகையின் ஒலியாக மாறிற்று, மறுபடி சிரிப்பாயிற்று. அர்த்தம் தேட வேண்டாம் என்று மருத்துவர் சொல்லியிருந்தார். நோரீன் துணியால் அவர் வாயைத் துடைத்தாள். அவர் தன்மேல் கோபப்படுகிறாரா, மன்னிக்கிறாரா, இரண்டும் இல்லையா என்று அந்த முகத்திலிருந்து எதையும் எடுக்க முடியவில்லை.

அது அடங்கியதும் சொன்னாள்: "பாலம் போகட்டும். இப்பவே சொல்லு. எஞ்சின்தான் நின்னுருச்சே. நான் கேட்டுக்கிட்டே இருக்கேன்."

லைல் அவள் பக்கம் திரும்பினார். வாயைத் திறந்தார். லாரி ஒன்று பக்கத்தில் கடந்து வண்டியே ஆடியது. அது போனதும் மறுபடி முயன்றார். வந்தது ஒரு நீண்ட உயிரொலி மட்டும்தான். முன்னும் பின்னும் எந்த எழுத்தும் அதில் ஒட்டவில்லை. மூன்று முறை முயன்றுவிட்டுக் கையை ஸ்டீயரிங்கின்மேல் வைத்தார். கடிகாரம் ஓடிக்கொண்டிருந்தது.

நோரீன் தொலைபேசியில் கூப்பிட, டூவேன் காரை ஏற்றிப்போகிற டிரெய்லர் கட்டிய வண்டியோடு வந்தார். பெட்டியின் எண்ணெய் அளவுக் கோலை உருவி முகர்ந்தார். சிவப்பாக இருக்க வேண்டிய எண்ணெய் ஆறிப்போன காப்பியின் நிறத்தில் இருந்தது. பானெட்டுக்குள் குனிந்து கேபிளின் பூட்டைத் தொட்டுப் பார்த்தார். நோரீன் பக்கத்தில் போய் நின்றாள்.

"அவன் அன்னைக்கு எனக்குச் சொன்னான்," என்றார் டூவேன், தாழ்ந்த குரலில். "பக்கத்துல கூப்பிட்டு வச்சுச் சொன்னான். எனக்கு ஒண்ணும் புரியல, நோரீன். தலையாட்டிட்டேன்."

அவரைத் திட்ட அவளுக்கு வாய் வரவில்லை. திட்டுகிற தகுதி தனக்கு இல்லை என்று அவளுக்குத் தெரிந்திருந்தது.

அதன்பிறகு லைலிடமிருந்து சொல் என்று எதுவும் வரவில்லை. விரல்கள் இன்னும் கொஞ்சம் வேலை செய்தன. சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து தொலைபேசியில் ஒற்றை விரலால் தட்டினார். காலை முழுக்கத் தட்டினார். தனக்குத்தான் என்று நினைத்து நோரீன் பின்னால் போய் நின்று பார்த்தாள். டூவேனுக்கு எழுதிக்கொண்டிருந்தார். எந்தத் தட்டுகளை மாற்ற வேண்டும், எண்ணெய்க் குளிர்விப்பானை எப்படிக் கழுவ வேண்டும், கேபிளை முழு மிதியில் எப்படிச் சரிபார்க்க வேண்டும் என்று பத்தி பத்தியாக.

"அவனுக்கு இவ்ளோ எழுதற," என்றாள். குரல் உயர்ந்துவிட்டது. "எனக்கு ஒரு வரி எழுதக் கூடாதா? நான் எதுக்குத் தலையாட்டினேன்னு எனக்குத் தெரிய வேண்டாமா?"

லைல் அவளை நிமிர்ந்து பார்க்காமல் தட்டினார். அவள் குனிந்து படித்தாள். 'எழுதற விஷயம் இல்ல. வண்டி சரியாகட்டும்.'

ஜூனில் சளி நுரையீரலில் இறங்கி மருத்துவமனை. திரும்பி வந்தபோது மூக்கில் மூச்சுக் குழாயும் வயிற்றில் உணவுக் குழாயும் இருந்தன. கைகள் மடியில் கிடந்தன. பியூக் ஜூலையில் தயாராகிவிட்டது. டூவேன் கேபிளை மூன்று பேரை வைத்துச் சரிபார்த்திருந்தார். வண்டியைக் கொண்டுவந்து அவர்களுடைய கராஜில் விட்டுவிட்டு, லைலின் அறைக்குள் வராமலே போனார். லைலும் அதன் பக்கம் பார்க்கவில்லை.

இமைகளால் ஆம், இல்லை சொல்லலாம் என்று செவிலி கற்றுக்கொடுத்தாள். ஒருமுறை மூடினால் ஆம், இருமுறை மூடினால் இல்லை. நோரீன் கட்டில் ஓரம் உட்கார்ந்து ஒவ்வொன்றாகக் கேட்டாள். நமக்குக் குழந்தை இல்லாததப் பத்தியா? இல்லை. டெக்ஸஸ்ல கிடைச்ச வேலையப் பத்தியா? இல்லை. உன் தம்பி விஷயமா? இல்லை. நான் அந்த ஒரு வருஷம் அம்மா வீட்டுல போய் இருந்தேனே, அதப் பத்தியா?

லைல் கண்ணை மூடவே இல்லை. அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மூடினார், ஒருமுறைதான், ஆனால் திறக்கவில்லை. அது ஆமா, தூக்கமா, போதும் என்று சொல்வதா என்று அவளுக்குத் தெரியவில்லை. மறுநாள் அதையே கேட்டபோது பார்வையைச் சன்னல் பக்கம் திருப்பிக்கொண்டார். கண்ணால் எழுத்துகளைச் சுட்டுகிற பலகையைப் பிடித்துக் காட்டியபோதும் அப்படியே. நோரீன் துணி மடிக்கும்போதும் குழாயைக் கழுவும்போதும் யோசித்தாள். என்ன கேட்டிருந்தாலும், அவள் சம்மதித்துவிட்டாள் என்று நம்பித்தான் அவர் இத்தனை வருடம் வாழ்ந்திருக்கிறார். அது வெறும் தலையாட்டல் என்று தெரிந்த பிறகு அந்தக் கேள்வியை வெளியே எடுப்பதில் அவருக்கு என்ன இருக்கும்?

டிசம்பரில் ஒரு மதியம், அவரைச் சக்கர நாற்காலியில் சமையலறைக்குத் தள்ளிக்கொண்டு வந்தபோது, லைலின் கண்கள் கதவருகே மாட்டியிருந்த சாவியில் போய் நின்றன. பியூக் சாவி. போகணுமா என்று நோரீன் கேட்டாள். அவர் ஒருமுறை இமை மூடினார். இந்தத் தடவை சந்தேகமே இல்லை.

தூக்கி உட்காரவைக்க டூவேனைக் கூப்பிட்டாள். அவர் வந்து தெருவைப் பார்த்தார். இரண்டு நாள் பனிக்குப் பிறகு தெரு எலும்பு மாதிரி வெளுத்திருந்தது.

"நோரீன், ரோடு பூரா உப்பு."

"தெரியும்."

"அவனுக்குத் தெரியுமா?"

லைல் இருவரையும் பார்த்தபடி ஒருமுறை கண்ணை மூடித் திறந்தார். டூவேன் போய் வண்டிக் கதவைத் திறந்தார். லைலை ஒரு கம்பளத்தைத் தூக்குவதுபோல இரு கைகளிலும் ஏந்தி ஓட்டுநருக்கு வலப்பக்க இருக்கையில் வைத்து, தலை சாயாமல் மடித்த போர்வையை முட்டுக்கொடுத்து, சீட் பெல்ட்டைப் போட்டார். இந்த முறை ஓட்டியது நோரீன். கியர் ஒவ்வொன்றும் ஒரு சின்ன உதையோடு மாறியது. போர்வை தலையைத் தாங்கிக்கொண்டது.

முள் வெள்ளைப் புள்ளியில் நின்றது. எஞ்சின் இறங்கியது. பின்கானிங் ஏற்றத்தைப் பெட்டி உணராமலே கடந்தது. உப்புத் துகள்கள் வண்டியின் அடியில் மணல் வீசுவதுபோலச் சளசளத்தன. மூச்சுக் கருவியின் சீரான ஊதல். கடிகாரம்.

ஓமர் பாலம் நெருங்கியபோது நோரீன் வேகத்தைக் குறைத்தாள். ஆறு ஓரங்களில் உறைந்திருந்தது. சாலையில் கண்ணுக்குத் தெரியாமல் உறைந்த கருப்புப் பனி இருக்கலாம் என்பதால் அவளால் கண்ணை எடுக்க முடியவில்லை. பாலத்தின் நடுவில் ஒரு கணம் திரும்பிப் பார்த்தாள். லைலின் உதடுகள் லேசாக அசைந்துகொண்டிருந்தன. சத்தம் இல்லை. சொல்லின் வடிவம்கூட இல்லை. எப்போது தொடங்கினார், எவ்வளவு முடிந்துவிட்டது என்பதும் தெரியவில்லை. அவர் அவளைப் பார்க்கவில்லை. எப்போதும்போல நேராகச் சாலையைப் பார்த்துப் பேசிக்கொண்டிருந்தார்.

நோரீன் சாலைக்குத் திரும்பினாள். தலையாட்டினாள்.

திரும்பி வந்தபோது டூவேன் கராஜ் வாசலில் உப்பைக் கழுவ வெந்நீர்க் குழாயோடு காத்திருந்தார். லைலை உள்ளே கொண்டுபோய்ப் படுக்கவைத்துவிட்டு வந்து வண்டியைச் சுற்றிப் பார்த்தார். கதவுகளின் கீழ்ப்பாதி முழுக்க வெள்ளை. குழாயைத் திறக்கப் போனவரை நோரீன் விட்டுவிடச் சொன்னாள். அவர் குழாயைக் கீழே போட்டார்.

"பெட்டி எப்படி இருந்துச்சு?"

"நல்லா இருந்துச்சு," என்றாள் நோரீன். "எல்லாம் கேட்டுச்சு. கடிகாரம்கூடக் கேட்டுச்சு."